கபாகாவின் வாசல் நெருப்பு

என் வீட்டுக்காரரைப் பற்றி எங்கள் காட்வே பகுதியில் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். குண்டு மழைக்கு நடுவே சிங்கம்போல் பாய்ந்து, எங்கள் ராஜா கபாகாவின் அரண்மனை வாசல் நெருப்பைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து காப்பாற்றினாராம். சிங்கமாம்! தெருநாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற மனிதர் அவர். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் சுருண்டுவிடுவார். அவரோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாதா?

கதையில் பாதி உண்மை. மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மெங்கோ அரண்மனை வாசலில் இப்போது மறுபடியும் நெருப்பு எரிகிறது, புதுக் கபாகா இருக்கிறார், பட்டாளத்து லாரிகள் இல்லை. இனி பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பாருங்கள், இதைச் சொல்ல ஆரம்பிக்கும் முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவர் பெயர் எராஸ்தோ ஸெம்பூஸி. எங்களுக்கு இரட்டைப் பையன்கள் பிறந்ததிலிருந்து, எங்கள் வழக்கப்படி, ஊர் அவரை ஸாலோங்கோ என்றும் என்னை நாலோங்கோ என்றும்தான் கூப்பிட்டது. நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். பையன்கள் இரண்டு பேரும் வளர்ந்து, ஜின்ஜாவில் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

பயம் அவருக்குச் சொத்து போல வந்தது. அவருடைய தாத்தா மெங்கோவுக்குக் கீழே இருக்கிறதே கபாகாவின் ஏரி, அதை வெட்டிய ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர். வேலைக்குப் பிந்தி வந்தால் என்ன ஆகுமோ என்று கோழி கூவுமுன் எழுந்து ஓடியவராம். ஏரி வெட்டி முடிந்த பிறகும் சாகும்வரை அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். இவருடைய அப்பா வாசல் நெருப்புக்கு விறகு போட்டவர். அப்பாவுக்குப் பிறகு இவர். பெரிய பதவி ஒன்றும் இல்லை. நெருப்புக்கு அதிகாரி வேறு ஒருவர். இவர் விறகு சுமக்கிற, சாம்பல் அள்ளுகிற, மழை வந்தால் மேலே தகரத் தட்டியை இழுத்துப் போடுகிற ஆள்.

ஆனால் அந்த நெருப்பு சாதாரண நெருப்பில்லை. கபாகா பட்டத்துக்கு வந்த அன்று ஏற்றுவது. அவர் இருக்கும்வரை எரிய வேண்டும். கபாகா இறந்துவிட்டார் என்று எங்கள் ஜனங்கள் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். "நெருப்பு அணைஞ்சுடுச்சு" என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு வாசல் நெருப்பையும் அணைப்பார்கள். கபாகா கசுபி மலையில் தன் முன்னோர்களோடு போய் இருப்பார். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், அவருக்குச் சோறு கொண்டுபோன நான் சும்மா இல்லாமல், "ஒரு வாழைக்காயை இதுல சுட்டுத் தின்னா என்ன?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் சாம்பலாகிவிட்டது. அப்புறம் தன் அப்பா சொல்லிக்கொடுத்ததை எனக்கு ஒப்பித்தார். அதில் சமைக்கக் கூடாது. அதிலிருந்து ஒரு கங்குகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. அணைந்தால் வேறு நெருப்பால் மூட்டக் கூடாது.

"அணைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கபாகா உயிரோட இருக்கையிலயா?" என்றார். "அப்படியெல்லாம் கேக்காதே. வயிறு கலங்குது."

இப்படி வயிறு கலங்கிக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். மழைக்காலம் முழுக்க வீட்டில் படுத்துக்கொண்டு அரண்மனைத் தகரத் தட்டியைப் பற்றிக் கவலைப்படுவார். நான் தூங்கினேனோ இல்லையோ, அந்தத் தட்டி காற்றில் பறந்துவிட்டதா என்பது பற்றி எனக்குச் சகல விவரமும் தெரியும்.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை மெங்கோ மலைப்பக்கம் இருந்து படபடவென்று சத்தம். முதலில் யாரோ தகரக் கூரையில் கல்லெறிகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு டோலோசி தலைமுக்காடுகூட இல்லாமல் ஓடிவந்தாள்.

"நாலோங்கோ, அரண்மனையைச் சுடறாங்க! கவர்மெண்ட் பட்டாளம்! உன் வீட்டுக்காரர் எங்க?"

அவர் முதல்நாள் மாலையே முறைக்குப் போயிருந்தார். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சுடுகிற சத்தம் நின்றால் பயம், மறுபடி ஆரம்பித்தால் பயம். மதிலுக்கு மேலே புகை எழுந்தது. ருபாகா மலையிலும் நமிரெம்பே மலையிலும் தேவாலயங்களின் கதவு திறந்திருக்கிறது, அங்கே ஓடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் வந்து பார்த்து நான் இல்லை என்றால் அந்த மனிதருக்கு எங்கே போவது என்றுகூடத் தெரியாது. அதனால் நான் நகரவில்லை. மதியம் வாக்கில் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை. முற்றமே தெரியவில்லை.

மழை ஓய்ந்து வெகுநேரம் கழித்து, பின்பக்க வாழைகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் கூனிக் குனிந்து வந்தார். இடுப்புவரை சேறு. மரப்பட்டைத் துணியால் எதையோ மூடி வயிற்றோடு அணைத்திருந்தார். கிட்ட வந்த பிறகுதான் அது என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது.

"அடுப்பு... காஞ்ச சுள்ளி... சீக்கிரம்," என்றார்.

துணிக்குள் ஒரு உடைந்த சட்டி, சட்டிக்குள் சாம்பல், சாம்பலுக்குள் கோழி முட்டை அளவு ஒரு கங்கு, அதன் நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. எங்கள் சமையல்குடில் முற்றத்துக்குப் பின்னால் தனியாக இருந்தது. அங்கே மூன்று கல்லுக்கு நடுவில் அதை வைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, குழந்தை முகத்தில் ஊதுவதுபோல் ஊதினார். சுள்ளி பற்றிக்கொண்ட பிறகுதான் மேல்சட்டையைக் கழற்றினார். வயிறு முழுக்கக் கொப்பளம். கொட்டுகிற மழையில் சட்டி நனையாமல் இருக்க, வாழைத்தோப்பில் அதன்மேலேயே கவிழ்ந்து படுத்திருக்கிறார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எங்கேருந்து இவ்வளவு தைரியம் வந்தது ஸாலோங்கோ?" என்றேன்.

"தைரியமா?" என்று என்னைப் பார்த்தார். "சுட ஆரம்பிச்சதும் ஓடினேன். ஓடறப்போ கையில சாம்பல் அள்ளின சட்டி இருந்துச்சு. குண்டைவிட அதைக் கீழ போடத்தான் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

கபாகா என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. மதில் ஏறித் தப்பினார் என்றார்கள். உள்ளேயே முடிந்துவிட்டது என்றார்கள். காங்கோப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். எல்லாம் காதோடு காதாக. எங்கள் பகுதி முழுக்க அவசரநிலை. அரண்மனையில் வேலை பார்த்தவர்களைத் தேடித் தேடி லாரியில் ஏற்றினார்கள். ஏறியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. இவருடைய வேலைத் துணியை நான் துண்டு துண்டாகக் கிழித்துக் கிணற்றடியில் புதைத்தேன். மரக்கடையில் கூலிக்கு அறுக்கிறவர் என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பழகிக்கொண்டோம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சமையல்குடிலில் மட்டும் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. அவர் சட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. அதில் சமைக்கக் கூடாது என்பதால் நான் முற்றத்தில் குமுட்டி அடுப்பை வைத்துக் கரி போட்டுச் சமைத்தேன். கரி பட்ட கை அந்த நெருப்புப் பக்கம் வரக் கூடாது என்பார். கட்டைதான் போட வேண்டும், அதுவும் அவர் பார்த்து எடுத்த கட்டை. அவர் தூங்கும்போது நான் காவல். நான் தூங்கும்போது அவர்.

"இது எரியற வரைக்கும் அவர் எங்கேயோ இருக்கார், நாலோங்கோ," என்று அடிக்கடி சொல்வார். "இது போச்சுன்னா அவரும் போனார். நம்ம கையில இருக்கு."

நம்ம கையில் என்றால் யார் கையில்? பகலெல்லாம் வீட்டில் இருக்கிற என் கையில்தானே? அந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது.

ஒரு வாரம் போயிருக்கும். டோலோசி ஒரு ஓட்டுச் சில்லோடு வந்து நின்றாள். அவள் வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு நல்லது.

"தீப்பெட்டி நமத்துப்போச்சு. ஒரு கங்கு குடு."

பக்கத்து வீட்டுக்காரிக்கு நெருப்பு இல்லையென்று சொல்வதைவிட அவள் முகத்தில் துப்பலாம். எங்கள் ஊரில் அப்படித்தான். குமுட்டியும் அந்நேரம் ஆறிக் கிடந்தது. குடிலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இல்லையே," என்றேன்.

"இல்லையா? அப்ப அங்க என்ன, மேகம் எறங்கியிருக்கா?"

"அது... அவர் மருந்து காய்ச்சறார்."

"சரிதான் தாயே! உன் புருஷன் கஷாயத்துல என் வீட்டுக் காத்து பட்டா கெட்டுடுமோ என்னவோ. நல்லா இரு!" சில்லை ஆட்டிக்கொண்டே போனாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. எனக்கு மானம் போயிற்று என்பதைவிட, இவள் கோபத்தில் யாரிடமாவது புகையைப் பற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற கிலிதான் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் கட்டை பார்க்கப் போயிருந்தார். வாசலில் பூட்ஸ் சத்தம். சிப்பாய்கள் மூன்று பேர். எங்கள் பாஷை இல்லை, சுவாஹிலி. எனக்குப் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன். நான் தரையில் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். பெட்டியைக் கவிழ்த்தார்கள், கட்டிலைக் கவிழ்த்தார்கள். முற்றத்துக்கு வந்தார்கள். நெட்டையாக ஒருவன் சமையல்குடிலுக்குள் தலையை விட்டான்.

"அம்மா, இங்க வா," என்றான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "வெளியில ஒரு அடுப்பு. உள்ள ஒரு அடுப்பு. உள்ள இவ்வளவு கட்டை எரியுது. மேல பானை எங்க?"

நான் எழுந்து கிட்டே போனேன்.

"வெறும் நெருப்பை யாரு மூட்டுவாங்க? எதுக்குக் காவல் காக்கறீங்க? எதை எரிச்சீங்க? காகிதமா? உடுப்பா?"

"சமையல்... ஐயா, சமையல்தான். இப்பதான் பானை வைக்கப் போனேன்."

"வை, பாக்கலாம்."

மூலையில் தண்ணீர் நிறைந்த பானை இருந்தது. தூக்கினேன். இதில் சமைக்கக் கூடாது என்று அவர் சொன்னது ஒரு காதில் கேட்கிறது, பூட்ஸ் சத்தம் இன்னொரு காதில் கேட்கிறது. மூன்று கல்லும் பானைக்காக வைத்தவை அல்ல. கட்டைக்கு வசதியாக அவர் நகர்த்தி நகர்த்தி வைத்திருந்தார். நான் அவசரமாக வைத்ததில் பானையின் அடி ஒரு கல்லில் மட்டும்தான் பட்டது. மறு நிமிஷம் பானை சரிந்து, அத்தனை தண்ணீரும் நெருப்பின்மேல் கொட்டியது.

'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குடில் முழுக்க வெள்ளைப் புகை. மூன்று சிப்பாய்களும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இவளுக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியல, இவளா ஒளிச்சு வைக்கப் போறா? வாங்கடா," என்றான் ஒருவன். நெட்டையன் போகும்போது திரும்பி, "பயப்படாதே அம்மா," என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஈரச் சாம்பலில் இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன். ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, ஊதி ஊதிப் பார்த்தேன். ஒரு துளி சிவப்பு இல்லை. வயிறு வெந்துபோக அந்த மனிதர் கொண்டுவந்ததை நான் பன்னிரண்டு நாளில் கொன்றுவிட்டேன். நெருப்பையா, கபாகாவையா? அப்போது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. எங்கேயோ ஒரு காட்டில் நடந்துகொண்டிருக்கிற ஒருவர் இந்த நிமிஷம் கீழே விழுந்திருப்பார் என்று நினைத்தேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் வரப் போகிறார். வந்து இதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுவார். அப்படிப்பட்ட ஆள்தான். நான் இடுப்புத்துணி முனையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சில்லை எடுத்துக்கொண்டு, டோலோசி வீட்டுக்கு ஓடினேன்.

அவள் குமுட்டியில் மட்டோக்கே வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன தாயே, மருந்து காய்ச்சி முடிஞ்சுதா?"

"டோலோசி, ஒரு கங்கு."

"நான் கேட்டப்ப மேகம் எறங்கியிருந்துச்சு. இப்ப மழை பெஞ்சு விட்டுடுச்சோ?" என்றவள், என் கையைப் பார்த்தாள். கை முழுக்கச் சாம்பல் சேறு. முகத்தைப் பார்த்தாள். இடுக்கியால் கொழுந்துவிட்ட கரித்துண்டுகள் நாலு எடுத்துச் சில்லில் போட்டாள். "எடுத்துட்டுப் போ. அழாதே," என்றாள்.

ஈரச் சாம்பலை வாரி வாழைக்கடியில் கொட்டினேன். தரையில் காய்ந்த மண் தூவினேன். அவர் வைத்திருந்த காய்ந்த கட்டைகளை அடுக்கி, டோலோசியின் கங்கை நடுவில் வைத்து ஊதினேன். பற்றிக்கொண்டது. பார்க்க அதே நெருப்பு. நெருப்புக்கு முகமா இருக்கிறது வித்தியாசம் தெரிய?

சிப்பாய்கள் வந்ததையும், பானை எங்கே என்று கேட்டதையும், வாசல் பக்கம் தண்ணீர்ப்பானை கவிழ்ந்ததையும் அவரிடம் சொன்னேன். எங்கே கவிழ்ந்தது என்பதில் மட்டும் பொய். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "உன்னை அடிச்சாங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் சாம்பல் அள்ள உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் எதையோ வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் நிழல் விழுந்ததும் கையை மூடிக்கொண்டார்.

"என்ன ஸாலோங்கோ?"

"ஒண்ணுமில்ல. இடுப்பு வலி." எழுந்து வெளியே வந்து, "இனிமே யாராவது வந்தா மேல ஒரு பானை வச்சிடு. தண்ணி ஊத்தி. கேக்கறவனுக்குப் பதில் வேணும்ல," என்றார்.

"சமைக்கக் கூடாதுன்னீங்களே?"

"தண்ணி கொதிக்கறது சமையலா?"

இத்தனை வருஷம் சட்டம் பேசிய ஆள் எப்படி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் குற்றம் என் கண்ணை மறைத்தது.

ஜூன் கடைசியில் டோலோசி மூச்சிரைக்க வந்து கதவைச் சாத்தினாள். "இருக்கார்! லண்டன் போய்ச் சேந்துட்டார்! ரேடியோவுல சொன்னானாம்!" நான் அவளைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க அவள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதேன். நான் யாரையும் கொல்லவில்லை. உள்ளே ஓடி அவரிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"அப்படியா?" என்றார். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் அந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது. எழுந்து குடிலுக்குப் போய் நெருப்பின் முன் உட்கார்ந்தார். பின்னால் போய்ப் பார்த்தேன். கட்டைமேல் கட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நெருப்பைக் காத்தோம். அரண்மனை பட்டாளத்து முகாம் ஆகிவிட்டது. அதன் மதிலோரம் நடக்க வேண்டியிருக்கும் என்று, சந்தைக்குப் போகக்கூட ஏரியைச் சுற்றிக்கொண்டு போவார். கபாகா வளைந்து போகக் கூடாது என்று அரண்மனைச் சாலையின் வட்டச் சந்திப்பின் நடுவே அவருக்கு மட்டும் ஒரு நேர்வழி உண்டு. அதில் புல் முளைத்துவிட்டது என்று ஒரு நாள் வந்து சொன்னார், சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. லாரி சத்தம் கேட்டால் இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொள்வோம். சத்தம் தேய்ந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

சில நாள் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவர் எழுந்து பதமாக ஒரு கட்டையைத் திருப்பி வைப்பார். அந்தக் கையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிடும். டோலோசியின் கரி நெருப்புக்கு இந்த மனிதர் இப்படிப் பணிவிடை செய்கிறாரே என்று எனக்குள் வெந்தேன்.

அறுபத்தொன்பது நவம்பரில் ஒரு காலை, தெரு முழுக்கச் சத்தமே இல்லை. கடைகள் பாதி திறந்து கிடந்தன. அவர் வெளியே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கதவைச் சாத்தி, தாழ் போட்டார்.

"நெருப்பு அணைஞ்சுடுச்சு, நாலோங்கோ," என்றார்.

எனக்கு ஒரு கணம் சமையல்குடில்தான் நினைவுக்கு வந்தது. பிறகு புரிந்தது. லண்டனில். நாற்பத்தைந்து வயசுதான். வாய்விட்டு அழ வழியில்லை. துக்கத் துணி கட்டினால் யார் பார்ப்பார்களோ என்று பயம். நான் இடுப்புத்துணியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் மூலையில் இருந்த தண்ணீர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு நடந்தார். புரிந்துவிட்டது. கபாகா போனால் வாசல் நெருப்பை அணைக்க வேண்டும். அணைக்கிற அதிகாரி எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இந்த விறகுக்காரர் தன் வாழ்க்கையிலேயே பெரிய வேலையைச் செய்யப் போகிறார், அதுவும் டோலோசியின் நெருப்புக்கு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஓடிப்போய் அவர் காலடியில் மண்டியிட்டுப் பானையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. இது அது இல்ல. அன்னிக்கு அந்தச் சிப்பாய்ங்க வந்தப்போ நான்தான்... என் கையாலதான் அணைஞ்சுது. இது டோலோசி வீட்டுக் கங்கு. என்னை அடிங்க, வீட்டை விட்டுத் துரத்துங்க, செத்து மட்டும் போயிடாதீங்க."

அவர் பானையை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"மறுநாளே தெரியும். சாம்பல்ல கடைக்கரித் துண்டு கெடந்துச்சு. நான் என்னிக்கு இதுல கரி போட்டேன்?"

மூன்றரை வருஷம்! "அப்ப ஏன் சொல்லலை? என்னை இத்தனை நாள் ஏன் வேக விட்டீங்க?"

"எப்படிச் சொல்றது? அணைஞ்சுடுச்சுன்னு வாயால சொன்னா என்ன அர்த்தம்? அவர் எங்க இருக்கார்னே தெரியாத நேரம் அது. என் வாயால சொல்லி அவருக்கு ஏதாவது ஆயிட்டா?" தரையைப் பார்த்தார். "அப்புறம் நீ இவ்வளவு கண்ணும் கருத்துமா காத்துட்டிருந்தே. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் அவருக்காக நெருப்பைக் காத்தேன், அவர் எனக்காக. நடுவில் டோலோசியின் நாலு கரித்துண்டு.

"அவர் உயிரோட இருக்கார்னு நீ வந்து சொன்னியே அன்னிக்கு," என்றார், குரல் இறங்கி. "சந்தோஷந்தான் பட்டேன். அடுத்த மூச்சுல ஒரு பயம் வந்துச்சு. குண்டு சத்தத்துக்குக்கூட அப்படிப் பயந்ததில்ல. நெருப்பு அணைஞ்சும் அவர் இருந்தார்ல? அப்ப எங்கப்பா இத்தனை காலம் எதைக் காத்தார்? நான் எதைக் காத்தேன்? இந்த வயித்துத் தழும்பு எதுக்கு? யார்கிட்ட போய் இதைக் கேப்பேன்? அதனால ஒண்ணும் யோசிக்காம கட்டையைப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே முற்றத்தில் யாரோ நடக்கிற சத்தம். இரண்டு பேரும் அப்படியே உறைந்துபோனோம். பின்பக்கத்திலிருந்து டோலோசி குடிலுக்குள் எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, கையில் ஓட்டுச் சில்லு. எங்களைக் கண்டதும் தயங்கினாள்.

"அழுதுட்டே இருந்தேன், அடுப்பு ஆறிடுச்சு. தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போகப் பயமா இருக்கு. மருந்து காய்ச்சறீங்கன்னா வேண்டாம்..."

என் வீட்டுக்காரர் எழுந்தார். இடுக்கியை எடுத்து, நல்ல கங்காகப் பார்த்து, ஒன்றல்ல, நாலு எடுத்து அவள் சில்லில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"எடுத்துட்டுப் போம்மா," என்றார். "உன்னுதுதான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கங்கு அணையாமல் இடுப்புத்துணி முனையால் காற்றை மறைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அவர் மூன்று கல்லையும் நெருக்கி, பானை உட்காரும்படி சரியாக வைத்தார். பானையில் இருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, என்னை வாழைக்காய் உரிக்கச் சொன்னார்.